அம்பாசிடர் 1489 சிசி: பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுகிறது, இஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

மார்க்2_பச்சை

வணக்கம். வண்டி அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். ஆயில் 20W-50. 40 கி.மீ. ஓட்டிவிட்டு இரவு நிறுத்தினால் காலையில் பெல் ஹவுசிங்குக்கு (இஞ்சினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் கூடு) நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கி நிற்கிறது. இஞ்சின் முன்முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லிக்குக் கீழேயும் இரண்டு மூன்று சொட்டு. 500 கி.மீ.க்கு ஏறத்தாழ 300 மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது.

இதுவரை செய்தது: ராக்கர் கவர் (இஞ்சின் உச்சி மூடி) கேஸ்கெட் புதிது. சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) போல்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கியாயிற்று, பலன் இல்லை. கார்புரேட்டர் இருக்கும் பக்கம் பிளாக்கின் பின்பாதி முழுக்க ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் அநேகமாகக் காய்ந்துதான் இருக்கிறது. கிளட்ச் வழுக்கவில்லை, அதிரவில்லை.

பார்த்த மெக்கானிக் "பின் ஆயில் சீல் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும்" என்கிறார். இறக்குவதற்கு முன்னால் அதை எப்படி உறுதி செய்துகொள்வது? வேறு எங்கிருந்து வரலாம்?

---

டயல்கேஜ்

முதலில் ஒன்று. இந்த இஞ்சினில் கிராங்கின் (சுழலும் முதன்மைத் தண்டு) பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங் கொண்ட பி-சீரிஸ் ரக இஞ்சின் இது. கிராங்கின் பின்பக்கம் திருகுபோல் ஒரு காடி வெட்டியிருப்பார்கள், அதற்குப் பெயர் ஸ்க்ரோல். கிராங்க் சுற்றும்போது அந்தக் காடி ஆயிலை மீண்டும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்குக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையில் எதுவும் உரசுவதில்லை, மெல்லிய இடைவெளி மட்டும்தான். அதனால் "சீல் மாற்றினால் சரியாகிவிடும்" என்று சொல்லி இஞ்சினை இறக்குவதில் பொருள் இல்லை. இறக்கிப் பார்த்தால் மாற்றுவதற்கு அங்கே சீலே இருக்காது.

பெல் ஹவுசிங் அடியில் சொட்டினால் பின் மெயின் பேரிங் பக்கக் கசிவுதான் என்று முடிவுகட்டவும் கூடாது. இஞ்சின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே உட்கார்ந்திருக்கிறது, ஃபேன் காற்றும் பின்னோக்கித்தான் அடிக்கிறது. எங்கே கசிந்தாலும் ஆயில் பிளாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், பின் பிளேட்டில் இறங்கி, பெல் ஹவுசிங்கின் அடியில்தான் சொட்டும். நீங்கள் பார்ப்பது ஆயில் விழும் இடத்தை. தேட வேண்டியது ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் உள்ள புள்ளியை.

நீங்கள் சொன்னதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஈரம் ஒரு பக்கம் மட்டும். ஸ்க்ரோல் கசிந்தால் கிராங்கின் பின்முனையில் சுழலும் ஃப்ளைவீல் அதை வாரியடித்து பெல் ஹவுசிங்கின் உள்பக்கம் முழுவதையும் நனைக்கும், பிளாக்கின் வெளிச்சுவரில் ஏறாது. கார்புரேட்டர் பக்கம் பின்பாதியில் ஆயில் வரக்கூடிய இடங்கள் இவை:

- பின் சைடு கவர். நம் ஊர் பட்டறைகளில் டேப்பட் கவர் என்றால் மேலே இருக்கும் ராக்கர் கவரைச் சொல்கிறார்கள். நான் சொல்வது மேனிஃபோல்டுக்கு (கார்புரேட்டரும் புகைக்குழாயும் இஞ்சினோடு சேரும் பகுதி) கீழே பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு தகட்டு மூடிகளை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட், உள்ளே கார்க் கேஸ்கெட்.
- ஆயில் பிரஷர் ரிலீஃப் வால்வின் (பிரஷர் அதிகமானால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) குவிந்த தலை நட். அதே பக்கம் பின்மூலையில் இருக்கும். அதன் வாஷர் கசிந்தால் பிரஷரோடு வரும், கொஞ்ச நேரத்திலேயே நிறைய ஆயில் போய்விடும்.
- ராக்கர் கவரின் பின்மூலை. புது கேஸ்கெட் என்பதால் விட்டுவிட வேண்டாம். கவர் மீது ஓவர் டைட் செய்திருந்தால் புதிதும் பிதுங்கிக் கசியும்.
- சம்பின் பின்முனையில் மெயின் கேப்பின் மேல் வளைந்து உட்காரும் கார்க் துண்டு.

சொட்டுவது இஞ்சின் ஆயில்தானா என்பதையும் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு பிடித்து முகர்ந்தால் போதும். கியர் ஆயில் ஊற்றிய பெட்டி என்றால் கந்தக வாடை தூக்கலாக அடிக்கும். கிளட்ச் பக்கத்து ஹைட்ராலிக் திரவம் என்றால் நீர்த்துப்போய், பெயிண்டைக் கிளப்பும் தன்மையோடு இருக்கும்.

இனி தேடும் முறை. இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

இஞ்சின் ஆறியிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, கார்புரேட்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சைடு கவரின் கீழ் விளிம்பு, பிளாக்குக்கும் பின் பிளேட்டுக்கும் இடையிலான படி, சம்ப் விளிம்பின் மேல்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் பழைய ஆயிலும் மண்ணும் சேர்ந்து களிபோல் இறுகியிருக்கும். அங்கே குச்சி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தக் களி விட்டுப்போனால் சூட்டில் இளகிச் சொட்டிக்கொண்டே இருந்து, புது லீக் போல ஏமாற்றும். பிறகு காற்றடித்தோ ஒரு பகல் விட்டோ நன்றாகக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் ஆயிலில் கலக்கும் ஃப்ளோரசன்ட் சாயத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் ஓட்டி, இருட்டிய பிறகு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சாயம் கிடைக்கவில்லையா, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் காய்ந்த பரப்பில் மெல்லத் தூவினாலே போதும். ஆயில் பட்ட இடம் கருத்துக் கோடாகத் தெரியும். நின்ற நிலையில் ஐடிலில் 5 நிமிடம், பிறகு 2000 ஆர்.பி.எம்.மில் 5 நிமிடம், அதன் பிறகு ஓட்டிவிட்டு ஒரு முறை. மூன்று கட்டத்திலும் தனித்தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்த இடம் நனைகிறதோ அதுதான் வேர். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் மறுபடி எல்லாமே ஈரமாகத்தான் தெரியும்.

பெல் ஹவுசிங்கின் அடியில் வடிகால் துளை இருந்தால், அதை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் சொட்டு நிற்கும், ஆயில் கிளட்ச் தட்டுக்குப் போகும்.

---

ஊதுகுழல்

மேலே சொன்னதோடு இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. எந்த கேஸ்கெட்டையும் தொடுறதுக்கு முன்னாடி இஞ்சின் சரியா மூச்சு விடுதான்னு பாருங்க. ஸ்க்ரோல் இருக்கிற இஞ்சின்ல இதுதான் பாதி வைத்தியம். கிராங்க்கேஸ்ல (கிராங்க் சுத்துற அறை) அழுத்தம் ஏறினா அந்தத் திறந்த இடைவெளி வழியாத்தான் காத்து முதல்ல வெளியேறும், போகும்போது ஆயிலையும் தூக்கிட்டுப் போகும்.

முன் சைடு கவர்லேர்ந்து கீழே இறங்குற குழாய் இருக்கு பாருங்க, அதுதான் உள் காத்து வெளியேற விடுற ப்ரீத்தர். அடி வாய்ல மண்ணும் ஆயில் பசையும் அடைச்சுக்கும். கழட்டி மண்ணெண்ணெயில ஊறவெச்சு, கம்பி விட்டு இழுத்து, வாயால ஊதிப் பாருங்க. தடையே தெரியக்கூடாது. ராக்கர் கவர்லேர்ந்து ஏர் கிளீனருக்குப் போற ஹோஸ் உள்ளே உப்பி ஒட்டியிருக்கான்னும் பாருங்க. வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள் அடுக்கு பிரிஞ்சு வழியை மூடியிருக்கும்.

இன்னொரு விஷயம்: கீழே இறங்குற அந்தக் குழாய் காத்தை இழுக்கிறது வண்டி வேகமா ஓடும்போது மட்டும்தான். நெரிசல்ல ஊர்ந்துபோகும்போது அது வேலையே செய்யாது. அதனாலதான் நெடுஞ்சாலையில காய்ஞ்சிருக்கிற வண்டி ஊருக்குள்ள சுத்தினா சொட்டுது.

அளந்து பார்க்க: ஒரு மீட்டர் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூப் எடுத்து, U வடிவத்துல ஒரு பலகையில கட்டி, பாதி தண்ணி ஊத்துங்க. ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாய்ல காத்துப்புகாம மாட்டுங்க, மறு முனை திறந்தே இருக்கட்டும். சாதாரண பிரஷர் கேஜ்ல இது தெரியாது. 1 பி.எஸ்.ஐ.ன்னாலே 700 மில்லிமீட்டர் தண்ணி ஏறும், இங்கே நாம தேடுறது அதுல ரொம்பச் சின்ன பங்கு. சூடான இஞ்சின், ஐடில்ல ஒரு தடவை, 2500 ஆர்.பி.எம்.ல ஒரு தடவை எழுதி வைங்க. அப்புறம் ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து வெச்சு மறுபடி பாருங்க. மூடி திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கினா அடைப்பு ப்ரீத்தர்ல. திறந்தும் பெருசா இறங்கலேன்னா, மூடி வாய்லயும் புகை பம்ப் அடிக்கிற மாதிரி வந்தா, பிஸ்டன் ரிங் வழியா காத்து இறங்குது. அப்போ கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிறது) பண்ணாம எந்த கேஸ்கெட் மாத்தினாலும் நிக்காது.

டிப்ஸ்டிக்ல மேக்ஸ் கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்க. லீக் ஆகுதேன்னு முன்கூட்டியே கூடுதலா ஊத்தி வைக்கிற பழக்கம் லீக்கை இன்னும் அதிகமாக்கும்.

---

சோப்புநுரை

இதைவிடச் சுலபமான வழி உண்டு. ப்ரீத்தர், ஏர் கிளீனர் ஹோஸ், ஆயில் மூடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு டிப்ஸ்டிக் குழாய் வழியாக ரெகுலேட்டர் வைத்து 2 பி.எஸ்.ஐ. காற்று விடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். இஞ்சினை ஓட்டவே தேவையில்லை. 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் மட்டும் போகாதீர்கள், கிராங்கின் முன்முனையில் இருக்கும் சீலைப் பிதுக்கிவிடும்.

---

டயல்கேஜ்

@சோப்புநுரை, சைடு கவர், ராக்கர் கவர், டைமிங் கவர் (இஞ்சின் முன்பக்க மூடி) மூன்றுக்கும் நல்ல வழிதான். இந்த இஞ்சினில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்க்ரோல் திறந்த இடைவெளி என்பதால், நல்ல நிலையில் இருந்தாலும் பின்னால் காற்று சீறிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு "பின் மெயின் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்தச் சோதனையில் பின்பக்கத்தைக் கணக்கிலேயே எடுக்கக்கூடாது. காற்று அந்த வழியே தப்பிவிடுவதால் உள்ளே 2 பி.எஸ்.ஐ. நிற்கவும் செய்யாது, தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரிலீஃப் வால்வு நட்டையும் இது காட்டாது, அது ஆயில் பிரஷர் இருந்தால் மட்டுமே கசியும் இடம்.

---

கிரீஸ்துணி

ஸ்க்ரோல் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம், கேட்பவருக்கு உதவும்.

ஸ்க்ரோல் தானாகத் தேய்வதில்லை. மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் ஆட ஆரம்பித்தால்தான் அது வளையத்தில் உரசி இடைவெளியை அகலமாக்கும். ஆகவே ஸ்க்ரோல் கசிகிறது என்றால் கூடவே சூட்டில் ஆயில் பிரஷர் குறைவு, பாரம் ஏற்றும்போது அடியிலிருந்து கனமான தட்டல் என்ற அடையாளங்களும் வர வேண்டும். இவை இல்லாமல் லீக் மட்டும் இருந்தால் வேறு இடத்தைத் தேடுங்கள்.

நின்ற இஞ்சினில் ஆயில் மட்டம் கிராங்குக்குக் கீழே இருக்கும். சமதளத்தில் நிறுத்தினால் ஸ்க்ரோலில் எஞ்சிய கொஞ்சம் வடிந்ததும் சொட்டு நின்றுவிடும். இரவு முழுக்க விடாமல் சொட்டினால் எங்கோ தேங்கி நிற்கும் ஆயில் வடிகிறது என்று பொருள். மேட்டைப் பார்த்து முகப்பு உயர நிறுத்தியிருந்தால் மட்டும் கணக்கு மாறும், ஆயில் பின்னால் சேரும். சோதனையைச் சமதளத்தில் செய்யுங்கள். அட்டையை விரித்து, அதில் முன் சக்கரத்தின் இடத்தையும் பெல் ஹவுசிங்கின் இடத்தையும் பேனாவால் குறித்துவிடுங்கள். நிறுத்திய முதல் அரை மணியில் ஒரு அட்டை, அதன்பின் காலைவரை வேறு அட்டை.

அப்படியே இஞ்சின் இறங்க வேண்டி வந்தாலும், ஸ்க்ரோலுக்குப் பதிலாகக் கிராங்கில் ரப்பர் சீல் பொருத்தும் மாற்று கிட் போடுவதற்கு முன்னால் பேரிங் இடைவெளியை அளக்க வேண்டும். கிராங்க் ஆடினால் எந்த ரப்பர் உதடும் அதிக நாள் தாங்காது. பின் மெயின் கேப்பைத் திரும்பப் பூட்டும்போது அதன் கிடைமட்டப் பொருந்துமுகங்களில் இறுகிப்போகாத வகை கேஸ்கெட் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். இதை மறந்து பூட்டிய இஞ்சின்கள் ஓவர்ஹால் முடிந்த மறுநாளே சொட்டும், பழி ஸ்க்ரோல் மேல் விழும்.

சீலை உப்ப வைக்கும் மருந்து டப்பாக்களும் விற்கின்றன. ரப்பரே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

---

மார்க்2_பச்சை

அனைவருக்கும் நன்றி. கழுவி, சாயம் ஊற்றிப் பார்த்தாயிற்று.

ஐடிலில் 5 நிமிடத்தில் பின் சைடு கவரின் கீழ் விளிம்பு முழுக்க மஞ்சள் கோடு. 2000 ஆர்.பி.எம்.மில் அது பிளாக்கின் படி வழியாகப் பின் பிளேட்டுக்குப் போய் இறங்குகிறது. ரிலீஃப் வால்வு நட் காய்ந்திருக்கிறது. முன்பக்கம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் டைமிங் கவரின் அடியில் வட்டமாகத் தெறித்திருக்கிறது. வடிகால் துளையில் மட்டும் ஓரிரு சொட்டு.

U டியூபில் ஐடிலில் 20 மில்லிமீட்டர் ஏற்றம், ஆயில் மூடியைத் திறந்ததும் ஏறத்தாழ பூஜ்யம். ப்ரீத்தர் குழாயின் அடி பாதிக்கு மேல் அடைப்பு. சைடு கவர் போல்ட் மிகவும் இறுக்கமாக இருந்தது, கவரின் நடுப்பகுதி உள்ளே குழிந்திருக்கிறது.

சைடு கவரையும் முன்பக்கத்தையும் எப்படிச் செய்தால் நிற்கும்?

---

டயல்கேஜ்

அந்தக் குழிதான் லீக்கின் காரணமே. ஒரே போல்டில் நிற்கும் மெல்லிய தகடு அது. கசிகிறது என்று நடுவில் இறுக்க இறுக்க, நடு உள்ளே போகும், விளிம்பு வெளியே தூக்கும், இன்னும் கசியும். முறையான டார்க் (இறுக்கும் முறுக்கு அளவு) 2 பவுண்டு-அடி, அதாவது 2.7 நியூட்டன் மீட்டர்தான். பெரிய டார்க் ரெஞ்சில் இந்த அளவு சரியாக வராது. சின்ன ராட்செட்டின் தலைப்பகுதியை விரல்களால் பிடித்துத் திருப்பி, கார்க் சற்றே அமுங்குவது தெரிந்ததும் நிறுத்துங்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றாமலும் சைடு கவரை எடுக்க முடியும், ஆனால் பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்ய கை போகாது. பழைய கார்க்கின் ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் அங்கேயே மறுபடி கசியும். கழற்றிவிடுங்கள், மேனிஃபோல்ட் கேஸ்கெட் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கவரை மரக்கட்டையில் கவிழ்த்து வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் குழியை மெல்லத் தட்டி எடுங்கள். பிறகு கண்ணாடித் தட்டின் மேல் வைத்து விளிம்பைச் சுற்றிலும் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். எங்கும் நுழையக்கூடாது. கிரீஸ் நீங்கத் துடைத்து, கார்க் கேஸ்கெட்டைக் கவர் பக்கம் மட்டும் செருப்புக்கு ஒட்டும் வகைப் பசையால் ஒட்டி, தட்டையான தளத்தில் கனம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். பிளாக் பக்கம் பசை வேண்டாம், ஒரு துளி ஆயில் தடவினால் போதும். போல்ட் தலையின் அடியில் இருக்கும் சீல் வாஷரைக் கண்டிப்பாக மாற்றுங்கள். அந்தத் துளை நேராக உள்ளே போகிறது, கவர் காய்ந்திருந்தும் போல்ட் வழியே கசிந்தால் வழியும் தடம் ஒன்றுதான். கையோடு முன் சைடு கவரையும் செய்துவிடுங்கள், மேனிஃபோல்ட் எப்படியும் கழன்றுதானே இருக்கிறது.

சிலிகான் பேஸ்ட்டைக் கார்க்கின் மேல் பூச வேண்டாம். வழவழவென்று கார்க் பிதுங்கி வெளியே வரும். உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் நூல் சம்பில் விழுந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும், அது லீக்கைவிடப் பெரிய ஆபத்து.

முன்பக்கத்துக்கு ரேடியேட்டரும், ஸ்டார்ட்டிங் ஹேண்டில் மாட்டும் நட்டும் கழற்ற வேண்டும். நட்டின் அடியில் இருக்கும் லாக் வாஷரின் காதை முதலில் நிமிர்த்துங்கள். புல்லியின் கழுத்தில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீல் போட்டாலும் கசியும். கழுத்தின் மேல் தட்டி ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, சுவர் கனம் 0.28 மில்லிமீட்டர்தான் என்பதால் அதே அளவு சீலே பொருந்தும்.

பழைய கவரில் சீலுக்குப் பதில் ஃபெல்ட் வளையம் இருக்கும், பின்னால் வந்தவற்றில் ரப்பர் சீல். கவரும் அதன் பின்னால் கிராங்கில் இருக்கும், ஆயிலைச் சிதறடிக்கும் ஆயில் த்ரோயர் தட்டும் ஜோடி. பழைய தட்டுக்குக் குழிந்த முகம் வெளிநோக்கி, பிந்திய தட்டில் F என்ற எழுத்து இருக்கும், அது முன்நோக்கி. திருப்பிப் போட்டாலோ, ஜோடி மாறினாலோ எந்த சீலும் நிற்காது.

டைமிங் கவரை மாட்டும்போது போல்ட்களை விரல் இறுக்கத்தில் விட்டு, சீலில் ஆயில் தடவி, புல்லியை முதலில் ஏற்றுங்கள். சீலைக் கிராங்கின் மையத்துக்குக் கொண்டுவருவது புல்லிதான். அதன் பிறகே கால் அங்குல போல்ட்களை 6 பவுண்டு-அடியும், 5/16 அங்குல போல்ட்களை 14 பவுண்டு-அடியும் இறுக்குங்கள். புல்லி நட்டுக்கு 70 பவுண்டு-அடி.

---

ஊதுகுழல்

ப்ரீத்தரைத் திறந்ததும் U டியூப்பை மறுபடி மாட்டி, அளவை எழுதிக்கோங்க. கேஸ்கெட் வேலை முடிஞ்சு 100 கி.மீ. ஓடினப்புறம் திரும்பவும் மாட்டிப் பாருங்க. வடிகால் துளையில வர்ற அந்த ஓரிரு சொட்டுக்கு இப்போ எதுவும் பண்ண வேண்டாம். உள்ளே ஏற்கெனவே தெறிச்சிருக்கிற ஆயில் வடிய ரெண்டு வாரம் ஆகும். 300 மில்லியும் லீக்குலயேதான் போகுதுன்னும் எடுத்துக்காதீங்க. லீக் நின்னப்புறமும் மட்டம் இறங்கினா, மலைப்பாதையில கீழே இறங்கிட்டு மறுபடி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிற நொடியில பின்னாடி நீலப் புகை வருதான்னு பாருங்க. வந்தா வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடுற குழாய்) பக்கம் போகணும்.